கப்பலின் வகை என்ன? சரக்கு ஏற்றுமுன் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி

சரக்கு அனுப்ப லாரி பிடிக்கும்போது நம்மில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதில்லை. நேஷனல் பர்மிட் உண்டா, எப்.சி. நடப்பில் இருக்கிறதா, எத்தனை டன் ஏற்றலாம் என்றெல்லாம் புக்கிங் ஆபீசில் விசாரித்த பிறகுதான் மூட்டையைத் தூக்கச் சொல்கிறோம். ஆனால் லாரிச் சரக்கைப்போல் பல மடங்கு மதிப்புள்ள சரக்கு கப்பலில் வரும்போது, கப்பலின் பெயரைத் தவிர வேறெதையும் நாம் கேட்பதில்லை. அதெல்லாம் ஷிப்பிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

இப்படி விட்டுவிடுவதால் என்ன நேரும்? ஓர் உதாரணம் சொல்வோம். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ரங்கூனிலிருந்து (இன்றைய யாங்கோன்) உளுந்து வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை சி அண்ட் எப் முறையில் பேசியாகிவிட்டது. அதாவது சரக்கு விலையும் கப்பல் வாடகையும் விற்பவர் பொறுப்பு, இன்ஷூரன்ஸ் வாங்குபவர் பொறுப்பு. கப்பல் புறப்பட்ட தகவல் வந்ததும் நமது வியாபாரி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கப்பலின் பெயரைத் தெரிவிக்கிறார். 'இந்தக் கப்பலுக்கு 18 வயது. இது பல்க் கேரியர் வகை. பேசிய பிரீமியம் போதாது, கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்' என்று பதில் வருகிறது. சரக்கை இங்கே முன்கூட்டியே விலை பேசி விற்றாகிவிட்டது. கிலோவுக்குச் சில காசு லாபத்தில் நடக்கிற வியாபாரத்தில் இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? கப்பலைத் தேர்ந்தெடுத்தவர் விற்பவர், பணம் கட்டுபவரோ வாங்குபவர்.

கப்பலின் 'வகை' என்பது வெறும் பெயர் அல்ல. அரசாங்கச் சான்றிதழில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இன்ஷூரன்ஸ், சுங்கம், ஏற்றத்தகுந்த சரக்கு எல்லாமே தீர்மானிக்கப்படுகின்றன. இந்த வகைப்பாடு எப்படிச் செய்யப்படுகிறது, அதில் வியாபாரிகளுக்குச் சம்பந்தப்பட்டது எது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சரக்குக் கப்பல் என்றால் எது?

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. கப்பல் துறையினர் அதைச் சுருக்கமாக 'சோலாஸ்' என்பார்கள். அதன்படி 12 பேருக்கு மேல் பயணிகளை ஏற்றும் கப்பல் பயணிக் கப்பல். பயணிக் கப்பல் அல்லாத எல்லாமே சரக்குக் கப்பல்தான். உளுந்து கொண்டுவரும் கப்பலும், கச்சா எண்ணெய் கொண்டுவரும் டேங்கரும் முதல் பிரிவினையில் ஒரே இனம்.

இரண்டாவது பிரிவினை பாதுகாப்புச் சான்றிதழில் வருகிறது. வெளிநாட்டுப் பயணம் செய்யும் 500 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பலுக்கு, கட்டுமானப் பாதுகாப்புச் சான்றிதழ், உபகரணப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று இரண்டு வேண்டும். 300 மொத்த டன்னேஜ் முதல் ரேடியோ பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே சான்றிதழாகவும் தருவது உண்டு. இவை ஐந்து வருடம் வரை செல்லும். இடையில் வருடாவருடம் சர்வே செய்து பின்பக்கத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். நமது லாரிக்கு எப்.சி. எப்படியோ, கப்பலுக்கு இது அப்படி.

கட்டுமானப் பாதுகாப்புச் சான்றிதழில் 'கப்பலின் வகை' என்று ஓர் இடம் இருக்கும். பல்க் கேரியர், எண்ணெய் டேங்கர், ரசாயன டேங்கர், வாயுக் கப்பல், மேற்சொன்ன எதுவும் அல்லாத சரக்குக் கப்பல் என்று ஐந்து வகைகள் அதில் அச்சடிக்கப்பட்டிருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டு, பொருந்துவதை மட்டும் விட்டுவைப்பார்கள். மூட்டைச் சரக்கு, மரம், இரும்புக் கம்பி, இயந்திரம் என்று பலதும் ஏற்றும் சாதாரணக் கப்பல் கடைசி வகையில் வரும். இதைத்தான் ஜெனரல் கார்கோ கப்பல் என்று சொல்கிறோம். கண்டெய்னர் கப்பலும் இந்தச் சான்றிதழைப் பொறுத்தவரை கடைசி வகைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'மொத்த டன்னேஜ்' என்பது எடை அல்ல. 1969-ஆம் வருட சர்வதேச டன்னேஜ் உடன்படிக்கையின் முறைப்படி, கப்பலின் உள்ளளவைக் கணக்கிட்டு வரும் எண் அது. கப்பல் எத்தனை டன் எடை தாங்கும் என்பதைக் காட்டுவது 'டெட்வெயிட்' என்ற வேறு கணக்கு. ஏஜென்ட் சொல்லும் டன் எந்த டன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தச் சான்றிதழ்களைக் கொடியேற்றிய நாட்டு அரசாங்கம் வழங்குகிறது, அல்லது அதன் சார்பில் அதிகாரம் பெற்ற வகைப்பாட்டுச் சங்கம் வழங்குகிறது. 'கிளாஸ் சொசைட்டி' என்று துறைமுகத்தில் சொல்வது இந்தச் சங்கங்களைத்தான். இந்தியக் கப்பல்களுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும், அதன் கீழ் சென்னை, தூத்துக்குடி முதலிய இடங்களில் உள்ள வணிகக் கடல் துறை அலுவலகங்களும் பொறுப்பு. 1975-ல் தோன்றிய இந்தியன் ரெஜிஸ்டர் ஆப் ஷிப்பிங் நமது நாட்டு வகைப்பாட்டுச் சங்கம்.

வகை பிரிப்பது எதற்காக?

ஒவ்வொரு சரக்கும் கப்பலுக்குள் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. அதனால்தான் இந்தப் பிரிவினை ஏற்பட்டது. இதற்குக் கடல் வாங்கிய விலை கொஞ்சமல்ல. 1980 செப்டம்பரில் 'டெர்பிஷயர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜப்பானை நோக்கிச் சென்றபோது புயலில் சிக்கி மூழ்கியது. அதில் இருந்த 44 பேரும் மாண்டனர். அதன் பிறகும் பல்க் கேரியர்கள் பல மூழ்கின. இதன் விளைவாக 1997-ல் சோலாஸ் உடன்படிக்கையில் பல்க் கேரியருக்கென்றே தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டு, 1999 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பல்க் கேரியரின் வயதைக் கண்டிப்பாகப் பார்ப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

வகையைத் தவிர, சில சரக்குகளுக்குக் கப்பல் தனி அனுமதிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். நமது வியாபாரத்தோடு நேரடித் தொடர்புள்ள மூன்றைக் குறிப்பிடலாம்.

தானியம்: கோதுமை, மக்காச்சோளம், அரிசி, பருப்பு வகைகள் போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றினால், கப்பல் ஆடும்போது அவை ஒரு பக்கமாகச் சரியும். கப்பலும் சாயும். எனவே 1994 ஜனவரி 1 முதல் சர்வதேசத் தானிய விதித்தொகுப்பு அமலில் உள்ளது. இதன்படி தானியம் ஏற்றும் அனுமதி ஆவணம் கப்பலில் இருக்க வேண்டும். மூட்டையாக ஏற்றினால் இந்த ஆவணம் பற்றிய பேச்சு எழாது.

ஆபத்தான சரக்கு: சிவகாசி, கோவில்பட்டி வியாபாரிகளுக்கு இது மிக முக்கியம். தீப்பெட்டி 4.1 என்ற வகுப்பிலும், பட்டாசு வெடிபொருள்களுக்கான முதலாம் வகுப்பிலும் வருகின்றன. ஆபத்தான சரக்கு ஏற்றும் தகுதி ஆவணத்தில், எந்த வகுப்புச் சரக்கை எந்த அறையில் ஏற்றலாம் என்று அட்டவணையாகவே போட்டிருக்கும். கப்பல் புதிதாக இருக்கலாம், சுத்தமாக இருக்கலாம். ஆனால் அட்டவணையில் இடமில்லை என்றால் நமது பெட்டி ஏறாது.

மரம்: கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் வரையப்பட்டிருப்பதைத் துறைமுகம் சென்றவர்கள் பார்த்திருப்பார்கள். எதுவரை ஏற்றலாம் என்பதைக் காட்டும் பாரக்கோடு அது. மேல்தளத்தில் மரம் ஏற்றத் தகுதி பெற்ற கப்பலுக்கு மட்டும் தனியாக மரப் பாரக்கோடுகள் உண்டு. விதிப்படி மரம் அடுக்கினால் அந்தக் கப்பல் சற்றுக் கூடுதலாக ஏற்றலாம். மரக்கடை அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எங்கே ஓடுகிற கப்பல்?

இதுவரை சொன்னது கப்பல் எதை ஏற்றும் என்பதைப் பற்றியது. அது எங்கே ஓடும் என்பது வேறொரு வகைப்பாடு. இங்கேதான் வியாபாரிகள் அதிகமாகக் குழம்புகிறார்கள். காரணம், ஒரே கப்பலுக்கு இரண்டு சட்டங்கள் இரண்டு பெயர் வைக்கின்றன.

1958-ஆம் வருட வணிகக் கப்பல் சட்டம் கரையோரக் கப்பல், உள்வட்டார வியாபாரக் கப்பல், வெளிநாடு செல்லும் கப்பல் என்று பிரித்தது. இந்தியத் துறைமுகங்களுக்கிடையிலும், இந்தியாவுக்கும் இலங்கை அல்லது பர்மாவுக்கும் இடையிலும் மட்டுமே ஓடுவது கரையோரக் கப்பல். இதோடு மாலத்தீவு, மலாயா, சிங்கப்பூர் ஆகியவற்றையும் சேர்த்து, 3,000 டன்னுக்கு மேற்படாத கப்பலை உள்வட்டார வியாபாரக் கப்பல் என்றது. நமது முன்னோர் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய்வந்து வியாபாரம் செய்த கடல் வட்டாரம் அப்படியே அந்தச் சட்டத்தில் பதிந்திருந்தது.

சுங்கச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1962-ஆம் வருட சுங்கச் சட்டப்படி, இந்தியத் துறைமுகத்துக்கும் வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் இடையே சரக்கோ பயணிகளோ ஏற்றிச் செல்லும் கப்பல், அந்த வேலையில் இருக்கும் காலமெல்லாம் வெளிநாடு செல்லும் கப்பல்தான். கொழும்பு பக்கத்தில்தானே இருக்கிறது என்ற சலுகை இதில் இல்லை. ஆக, சென்னைக்கும் ரங்கூனுக்கும் இடையே ஓடிய ஒரு சிறு கப்பல் 1958-ஆம் வருடச் சட்டத்தின் கண்ணில் கரையோரக் கப்பல், சுங்க அதிகாரியின் கண்ணிலோ வெளிநாட்டுக் கப்பல்.

சுங்கச் சட்டத்தில் 'அந்த வேலையில் இருக்கும் காலமெல்லாம்' என்பதுதான் உயிர்நாடி. வெளிநாட்டு ஓட்டம், கரையோர ஓட்டம் என்பது கப்பலின் பிறவிக் குணம் அல்ல. பயணத்துக்குப் பயணம் அது மாறலாம். ரங்கூனிலிருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிய கப்பல், அடுத்து தூத்துக்குடி உப்பை ஏற்றிக் கொல்கத்தா போக விரும்பினால், சுங்கத் துறையில் விண்ணப்பித்துக் கரையோர ஓட்டத்துக்கு மாற வேண்டும். வெளிநாட்டு ஓட்டத்தில் இருக்கும்வரை கப்பலின் எரிபொருளையும் உணவுப் பொருள்களையும் வரி கட்டாமல் செலவழிக்கலாம். கரையோர ஓட்டத்துக்கு மாறியதும் அந்தச் சலுகை நின்றுவிடும். இருப்பிலுள்ள எரிபொருளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கப்பல் சொந்தக்காரர் சில சமயம் தயங்குவதும், வாடகையை ஏற்றிச் சொல்வதும் இதனால்தான்.

வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நமது ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு உள்நாட்டுச் சரக்கு ஏற்றுவதென்றால் இன்னொரு தடையும் உண்டு. அதற்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரின் லைசென்ஸ் வேண்டும் என்பது 1958-ஆம் வருடச் சட்டத்தின் விதி. 2025-ல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தையும், கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கெனத் தனிச் சட்டத்தையும் இயற்றியது. வெளிநாட்டுக் கப்பலுக்கு லைசென்ஸ் என்ற அடிப்படை புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே மலிவான வாடகை என்று யாராவது வெளிநாட்டுக் கொடிக் கப்பலைக் காட்டினால், லைசென்ஸ் உண்டா என்று கேட்காமல் சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்பாதீர்கள்.

கரையோரச் சரக்குக்கும் காகிதம் உண்டு

உள்நாட்டுச் சரக்குதானே, உள்நாட்டில்தானே இறங்குகிறது, சுங்கத் துறைக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நடுக்கடலில் எது ஏறியது, எது இறங்கியது என்பதை யார் கண்டது? கொல்கத்தாவில் இறங்கும் மூட்டை தூத்துக்குடியில் ஏறியது என்பதற்கு ஆதாரம் காகிதம் ஒன்றுதான்.

ஆகவே சரக்கு அனுப்புபவர் 'கரையோரச் சரக்குப் பட்டியல்' என்ற படிவத்தைச் சுங்கத் துறையில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் அதிகாரி அனுமதித்த பிறகே சரக்கு ஏறும். காப்டன் அந்தப் படிவங்களையும், எந்தத் துறைமுகத்தில் எது ஏறியது என்ற விவரம் கொண்ட 'அட்வைஸ் புக்' என்ற ஏட்டையும் கொண்டு செல்வார். கரையோரச் சரக்குக்கு மட்டுமே ஒதுக்கிய தளங்களில், அத்தகைய சரக்கு மட்டுமே ஏற்றும் கப்பல்களுக்கு இந்த நடைமுறைகளில் விலக்கு உண்டு. அந்த விலக்கு நமது கப்பலுக்கும் தளத்துக்கும் பொருந்துமா என்பதைக் கிளியரிங் ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சரக்கும் உள்நாட்டுச் சரக்கும் கலந்து வரும் கப்பலாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். காகிதம் இல்லாமல் போனால், நமது ஊர்ச் சரக்கை நமது ஊர்ச் சரக்கு என்று நாமே நிரூபிக்க நேரிடும். அதுவரை சரக்கு ஷெட்டில் கிடக்கும், டெமரேஜ் ஓடும்.

தோணி எந்த வகை?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள்கள் கொண்டு செல்லும் தோணிகளை நாம் அறிவோம். இப்போதைய தோணிகளில் எஞ்சின் உண்டு. ஆனாலும் 1958-ஆம் வருடச் சட்டத்தின் இலக்கணப்படி, பாய்களை மட்டுமே கொண்டு ஓடக்கூடிய அளவுக்குப் பாய் இருந்தால், எஞ்சின் பொருத்தியிருந்தாலும் அது பாய்மரக் கலம்தான். அதற்குத் தனிப் பதிவு, தனி ஆய்வுச் சான்றிதழ்.

இதனால் வியாபாரிக்கு என்ன? மேலே சொன்ன சோலாஸ் சான்றிதழ்கள் தோணிக்குக் கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வழக்கமான கப்பல் நிபந்தனையோ எஞ்சினால் ஓடும், எஃகினால் கட்டிய, வகைப்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்த கப்பலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எனவே வருடாந்தர ஓபன் பாலிசி கையில் இருக்கிறதே என்று தோணியில் சரக்கு ஏற்றிவிடக்கூடாது. தோணியின் பெயர், பதிவு எண், சான்றிதழ் விவரங்களைக் கொடுத்துத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

ஒரே வயது, நான்கு விடை

இப்போது விருதுநகர் வியாபாரியின் கதைக்குத் திரும்புவோம். சரக்கு இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் 'இன்ஸ்டிடியூட் கிளாஸிபிகேஷன் கிளாஸ்' என்ற நிபந்தனை இணைக்கப்பட்டிருப்பது வழக்கம். லண்டன் சந்தையில் உருவான இந்த நிபந்தனையின் 2001-ஆம் வருட வாசகம், கப்பல் அங்கீகாரம் பெற்ற வகைப்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று முதலில் சொல்கிறது. அடுத்து வயது வரம்பு. பல்க் கேரியருக்கும், எண்ணெயும் தாதுவும் மாற்றி மாற்றி ஏற்றும் கூட்டுக் கப்பலுக்கும் 10 வயது. மற்ற கப்பல்களுக்கு 15 வயது. அதைத் தாண்டினால் கூடுதல் பிரீமியம். இதற்கு இரண்டு விதிவிலக்குகள். குறிப்பிட்ட துறைமுகங்களுக்கிடையே ஒழுங்கான சர்வீசில் பொதுச் சரக்கு ஏற்றிவரும் கப்பலுக்கு 25 வயது வரை கூடுதல் இல்லை. கண்டெய்னர் கப்பலாகவே கட்டப்பட்டு, தொடர்ந்து அப்படியே ஒழுங்கான சர்வீசில் ஓடுவதற்கு 30 வயது வரை இல்லை.

ஒரு கப்பலுக்கு 18 வயது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள்:

1. அது பல்க் கேரியர்: 10 வயதைத் தாண்டிவிட்டது. கூடுதல் பிரீமியம் உண்டு.

2. கிடைத்த சரக்கை ஏற்றிக் கிடைத்த இடத்துக்கு ஓடும் ஜெனரல் கார்கோ கப்பல்: 15 வயதைத் தாண்டிவிட்டது. கூடுதல் உண்டு.

3. மாதாமாதம் அதே துறைமுகங்களுக்கிடையே ஒழுங்காக ஓடும் ஜெனரல் கார்கோ கப்பல்: 25 வயது ஆகவில்லை. கூடுதல் இல்லை.

4. ஒழுங்கான சர்வீசில் ஓடும் கண்டெய்னர் கப்பல்: 30 வயது ஆகவில்லை. கூடுதல் இல்லை.

வயது ஒன்றுதான், விடை மட்டும் மாறுகிறது. மாற்றியது கப்பலின் வகையும், அது செய்யும் சேவையும். 'கப்பல் புதுசா, பழசா' என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. கண்டெய்னரில் சரக்கு அனுப்புபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்டெய்னர் ஏற்றிவரும் கப்பலெல்லாம் கண்டெய்னர் கப்பலாகக் கட்டப்பட்டவை அல்ல. பழைய ஜெனரல் கார்கோ கப்பலில் கண்டெய்னர் ஏற்றி வந்தால் 30 வயதுச் சலுகை அதற்குப் பொருந்தாது.

பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு என்ற ஐ.எஸ்.எம். சான்றிதழிலும் வகை புகுந்து விளையாடியிருக்கிறது. பல்க் கேரியருக்கும் டேங்கருக்கும் 1998 ஜூலை 1 முதலே அது கட்டாயம். மற்றச் சரக்குக் கப்பல்களுக்கு நான்கு வருடம் கழித்து, 2002 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. இன்று 500 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள, வெளிநாட்டுப் பயணம் செய்யும் சரக்குக் கப்பல்கள் அனைத்துக்கும் வேண்டும். கப்பலுக்கு இந்தச் சான்றிதழ் இல்லை என்பது சரக்குச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருந்தால், அல்லது வியாபார நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தால், நஷ்ட ஈடு இல்லை என்று பாலிசியில் சேர்க்கும் நிபந்தனை சொல்கிறது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. 'விசாரித்தேன், இன்ன பதில் வந்தது' என்று காட்டக் கையில் கடிதம் இருந்தால்தான் நமது பக்கம் வலுவாகும்.

பேரம் பேசும்போதே பேசுங்கள்

இதற்கெல்லாம் பரிகாரம் துறைமுகத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. எப்.ஓ.பி. முறையில் கப்பலைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவர். சி அண்ட் எப், சி.ஐ.எப். முறைகளில் விற்பவர். அந்தச் சரக்கை ஏற்றிச் செல்ல வழக்கமாகப் பயன்படும் வகைக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும் என்று சர்வதேச வணிக விதிமுறையான இன்கோடெர்ம்ஸ் விற்பவருக்குக் கடமை விதிக்கிறது. ஆனால் 'வழக்கமான வகை' என்று மட்டும்தான் அது சொல்கிறது. வயது பற்றிய பேச்சில்லை. அந்த இடைவெளியை நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

சி அண்ட் எப் முறையில் வாங்கும் அன்பர்கள் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'கப்பல் இன்ஸ்டிடியூட் கிளாஸிபிகேஷன் கிளாஸுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கப்பலின் வயது, வகை, வகுப்பு காரணமாக வரும் கூடுதல் பிரீமியம் விற்பவரைச் சேர்ந்தது.' எல்.சி. திறக்கும்போது, கப்பல் ஏஜென்டிடமிருந்து இதற்கான சான்றுக் கடிதத்தையும் ஆவணங்களில் ஒன்றாகக் கேட்கலாம். எல்.சி.யில் கேட்காத காகிதத்தைப் பாங்க் பார்க்காது. கேட்டுவிட்டால், அது வராமல் விற்பவருக்குப் பணம் நகராது.

வியாபாரிகள் கவனத்துக்கு

1. கப்பலின் பெயரோடு ஐ.எம்.ஓ. எண்ணையும் கேளுங்கள். ஏழு இலக்கம் கொண்ட இந்த எண் கப்பலின் ஆயுள் முழுதும் மாறாது. பெயரையும் கொடியையும் மாற்றினாலும் எண் அதேதான்.

2. எண் சரிதானா என்று நீங்களே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். உதாரணமாக 9074729 என்ற எண்ணில் 63, 0, 35, 16, 21, 4 என்று வந்து, கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9. எண் சரி. காகிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் இதில் பெரும்பாலும் பிடிபடும்.

3. 2000-ல் தொடங்கப்பட்ட 'ஈக்வாஸிஸ்' என்ற இணையத் தகவல் களஞ்சியத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்டு, அந்த எண்ணைக் கொடுத்தால் கப்பலின் வகை, கட்டிய வருடம், வகைப்பாட்டுச் சங்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

4. பாதுகாப்புச் சான்றிதழின் பிரதியை ஏஜென்டிடம் கேளுங்கள். 'கப்பலின் வகை' என்ற இடத்தில் அடிக்கப்படாமல் நிற்பது எது, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், வருடாந்தரக் கையொப்பம் உண்டா என்று மூன்றையும் பாருங்கள்.

5. கொட்டி ஏற்றும் தானியம், தீப்பெட்டி, பட்டாசு, மேல்தள மரம் ஆகியவற்றுக்குத் தனி ஆவணம் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. உள்நாட்டுச் சரக்கு என்றால், கப்பல் அந்தப் பயணத்தில் கரையோர ஓட்டத்தில் இருக்கிறதா, வெளிநாட்டுக் கொடியானால் லைசென்ஸ் உண்டா என்று கேளுங்கள்.

7. இவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம், தாமதமின்றித் தெரிவியுங்கள். நிபந்தனைக்குள் அடங்காத கப்பல் என்றால் உடனே அறிவிப்பது பாலிசிதாரரின் கடமை. அறிவிக்கத் தவறினால் பாதுகாப்பே கேள்விக்குறியாகிவிடும்.

மேலே சொன்ன எதற்கும் வக்கீலோ நிபுணரோ தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி, ஏஜென்டுக்கு ஒரு கடிதம், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் போதும். சரக்கு ஏறிய பிறகு கப்பலின் வகையைக் கேட்பவர் கூடுதல் செலவைக் கட்ட வேண்டியிருக்கும். ஏறுமுன் கேட்பவர் அந்தச் செலவு யாருடையது என்பதைப் பேசி முடிவு செய்யலாம். லாரிக்குக் கேட்கிற கேள்வியைக் கப்பலுக்கும் கேட்போம்.